படிப்பும் பாட்டும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைச் சாலையில் போகும் பஸ்ஸில் இடது பக்கத்து ஜன்னல் ஓரம் கிடைப்பது ஒரு பாக்கியம். ஊரைத் தாண்டியதும் சிறுமலை கூடவே வரத் தொடங்கும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத மலை அது. ஆனால் அந்தப் பாக்கியம் வாய்த்திருந்தும் ஒரு நாள் நான் மலையைப் பார்க்காமலே பிரயாணம் செய்தேன். காரணம், எனக்கு முன் இருக்கையில் பிறந்த ஒரு பாட்டு.

பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண். பதினான்கு வயது இருக்கலாம். பக்கத்தில் தாயார், மடியில் ஒரு காய்கறிப் பை. அந்தப் பெண் நடவுப் பாட்டு ஒன்றைத் தனக்குத் தானே பாடிக் கொண்டு வந்தாள். அடக்கித்தான் பாடினாள், ஆனால் அடங்குகிற குரலாக அது இல்லை. சோளக்காட்டில் பரண்மேல் நின்று குருவி விரட்டுகிறவர்களுக்கு வாய்க்கும் குரல் அது. நாலு வயலுக்கு அப்பால் கேட்க வேண்டும் என்றே இயற்கை செய்து கொடுத்தது போல் இருந்தது.

"நன்றாகப் பாடுகிறாயே அம்மா, யாரிடம் கற்றுக் கொண்டாய்?" என்று கேட்டேன்.

"எங்க அப்பத்தாகிட்ட, சார்."

தாயார் திரும்பினாள். "நீங்க வேற ஏன் சார் கிளப்பி விடுறீங்க? அடுத்த வருசம் பத்தாங் கிளாஸ். புத்தகத்தைத் தொடச் சொன்னாப் பாட்டுப் பாடுறா. பாட்டு சோறு போடுமா? நீங்களே சொல்லுங்க."

நான் சொல்வதற்குள் பெண் சொல்லி விட்டாள்: "இளையராஜாவுக்குப் போடலையா? அவரு என்ன பத்தாங் கிளாஸ் படிச்சா பெரிய ஆளானாரு?"

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பஞ்சாயத்துப் பண்ணுவதற்கு என்னைவிடத் தகுதியற்றவன் அந்த பஸ்ஸில் இருந்திருக்க மாட்டான். நல்ல வேளையாகக் கண்டக்டர் "காந்திகிராமம், காந்திகிராமம்!" என்று குரல் கொடுத்தார். அவர்களும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். அவர்கள் சின்னாளபட்டிப் பக்கம் நடந்து போனார்கள். நான் காந்திகிராமத்து மரநிழலில் நின்றபடி, அந்தப் பெண் கேட்ட கேள்வியைக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் வேறு கிடையாது என்று நினைத்துக் கொண்டேன்.

ஏன் என்றால், 2022-ம் ஆண்டு நவம்பர் 11-ம் தேதி, அந்தப் பெண் சொன்ன அதே இளையராஜாவுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது இந்தக் காந்திகிராமம்தான். காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தின் 36-வது பட்டமளிப்பு விழா அது. பிரதமர் மோதி வந்திருந்தார். ஆளுநரும் முதலமைச்சரும் மேடையில் இருந்தார்கள். கல்வியை மீண்டும் மாநிலப் பட்டியலுக்கே மாற்ற வேண்டும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமரை வைத்துக் கொண்டே கேட்டதால், விழாவைப் பற்றிய பேச்சில் பாதி அதைச் சுற்றியே போயிற்று. கௌரவப் பட்டம் பெற்ற இருவரைப் பற்றிப் பேச்சுக் கொஞ்சம் குறைந்து விட்டது. ஒருவர் இளையராஜா. மற்றவர் மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமன்.

இருவரும் இசை மேதைகள், இருவருக்கும் பட்டம் என்று சொல்லி விட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் இருவருடைய பதினான்காவது வயதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடியாது.

சிவராமன் 1935-ல் பிறந்தவர். தகப்பனார் வைத்தியர், சங்கீத ரசிகர். பத்து வயதில் மிருதங்க அரங்கேற்றம் ஆயிற்று. ஆனாலும் பள்ளிக்கூடத்துப் பை தோளிலிருந்து இறங்கவில்லை. அறுபதி நடேசய்யர், தஞ்சாவூர் வைத்தியநாதய்யர், பாலக்காடு மணி அய்யர், கும்பகோணம் ரங்கு அய்யங்கார் ஆகிய நாலு குருநாதர்களிடம் ஆண்டுக் கணக்கில் வாசிப்புக் கற்றுக் கொண்டே அவர் பள்ளியை முடித்தார், கல்லூரியை முடித்தார், போதாக்குறைக்குச் சட்டமும் படித்து பி.எல். பட்டம் வாங்கினார். கறுப்புக் கோட்டு மாட்டிக் கொண்டு வாதாடவில்லையே தவிர, மாட்டிக் கொள்ளும் தகுதி இருந்தது. படிப்பும் வாத்தியமும் ஒன்றையொன்று கழுத்தைப் பிடித்துக் கொள்ள வேண்டிய அவசியம் இல்லை என்பதற்கு அவர் நடமாடும் சாட்சி. வீட்டில் வைத்திய வருமானம் இருந்தது, சங்கீதத்தை மதிக்கும் தகப்பனார் இருந்தார், ஊரைச் சுற்றிக் காவேரிக் கரை முழுவதும் குருமார்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி மற்றவரைப் பார்ப்போம்.

காந்திகிராமத்திலிருந்து மேற்கே எழுபது எண்பது மைல் போனால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பண்ணைப்புரம். இன்றைக்கு அது தேனி மாவட்டம். இது திண்டுக்கல் மாவட்டம். ஆனால் 1985-ல் திண்டுக்கல் பிரிகிற வரையில் இரண்டும் ஒரே மதுரை ஜில்லா. அந்தப் பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்த குழந்தைக்குத் தகப்பனார் ராமசாமி வைத்த பெயர் ஞானதேசிகன். பள்ளியில் சேர்க்கும்போது அது ராசய்யா என்று மாறிற்று. பின்னால் சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் அதைச் சுருக்கி ராஜா என்று கூப்பிட்டதும், 1976-ல் 'அன்னக்கிளி' படத்துக்காகப் பஞ்சு அருணாசலம் முன்னால் 'இளைய' என்று சேர்த்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் உள்ள பெயர்தான். உலகம் கூப்பிடுகிற பெயரின் பாதியைப் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு கொடுத்திருக்கிறது. அந்தப் பதிவேட்டில் அந்தப் பெயர் நெடுநாள் நீடிக்கவில்லை.

அந்தக் காலத்தில் உயர்நிலைப் பள்ளிக்குச் சம்பளம் கட்ட வேண்டும். இன்றையப் பிள்ளைகள், சம்பளம் என்றால் வாத்தியாருக்குக் கொடுப்பது என்று நினைப்பார்கள். மாணவன் கட்டுவதற்கும் அதே பெயர்தான் இருந்தது. காமராஜர் ஆட்சியில் 1956-ல் மதிய உணவு வந்தது. ஓராசிரியர் பள்ளிகள் பட்டிதொட்டியெல்லாம் வந்தன. ஆனால் உயர்நிலைப் பள்ளி வரையில் இலவசம் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டியது 1960-களில்தான். பண்ணைப்புரத்துப் பையன் அதற்குச் சில வருஷம் முன்னால் பிறந்து விட்டான். தகப்பனாரும் சீக்கிரம் காலமாகி விட்டார். தாயார் சின்னத்தாயம்மாள் தலையில் குடும்பம். வைகை அணை கட்டிக் கொண்டிருந்தார்கள். அங்கே கூலி வேலைக்குப் போனதைப் பிற்காலத்தில் இளையராஜாவே சொல்லியிருக்கிறார். 1959 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்த அணைக்குப் பக்கத்தில் இன்று பூங்காவும் வர்ணத் தண்ணீரும் இருக்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் படம் எடுத்துக் கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய பையன்கள் எத்தனை பேர் அங்கே மண்ணும் தண்ணீரும் சுமந்தார்களோ!

மூத்த அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்டுக் கட்சியின் பாடகர். கூட்டம் என்றால் முதலில் பாட்டு, பிறகுதான் பேச்சு. நாட்டுப்புற மெட்டு ஒன்றை எடுப்பார். அதில் அரிசி விலையையும் எஸ்டேட் முதலாளியையும் வைத்துப் பாடுவார். பாட்டன் காலத்து மெட்டு, இன்றைய விவகாரம். கேட்கிறவனுக்கு மெட்டு பழக்கமானதாகையால் விஷயம் தடையில்லாமல் உள்ளே போகும். கேரளத்தில் நம்பூதிரிபாடு மந்திரிசபை இருந்தபோது, 1958-ல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. மலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களின் வாக்கு அங்கே முக்கியம். வரதராஜன் மலை ஏறிப் போய்ப் பாடினார். கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். நம்பூதிரிபாடே அந்த வெற்றிக்கான பெருமையைப் பாவலருக்குக் கொடுத்தார் என்று சொல்வதுண்டு. ஒரு மந்திரிசபையின் பலத்தைத் தெருப்பாடகன் ஒருவன் கூட்டிக் கொடுத்த கதை நம் சரித்திரப் புத்தகங்களில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட வந்ததில்லை. சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு மேடைப் பேச்சு கேட்கிறது, பாட்டு கேட்பதில்லை.

இந்தக் குழுவில்தான் ராசய்யா தன்னுடைய பதினான்காவது வயதில் சேர்ந்தான். பையனுக்குப் பெண் குரல். ஆகையால் பெண்கள் பகுதியை அவனே பாடினான். கூட்டத்தில் நல்ல பெயர். குழு ஊர் ஊராகப் போயிற்று. பள்ளிக்கூடம் ஊர் ஊராகப் போகாது. எது நின்றிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, மகரக்கட்டு என்ற சமாசாரத்தைச் சொல்ல வேண்டும். பழைய நாடகக்காரர்கள் மிகவும் பயந்த வார்த்தை அது. பையன்களுக்குப் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து வயதில் குரல் உடையும். நேற்று வரையில் குயிலாக இருந்தவன் இன்று காலை தவளையாக எழுந்திருப்பான். மதுரையில் 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பிள்ளைகளாக அதில்தான் சேர்ந்தார்கள். டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்த மாதிரி பாலர் கம்பெனிகளில் சபைதான் பள்ளிக்கூடம், நாடகம் எழுதுகிறவர்தான் வாத்தியார், கீர்த்தனங்களும் விருத்தங்களும்தான் பாடம். பையன் நூற்றுக்கணக்கான பாட்டுக்களை நெட்டுருப் போட்டிருப்பான், கணக்குத் தெரியாது. தமிழ் செய்யுள் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும். சர்க்கார் ஆபீசில் ஒரு மனு எழுதத் தெரியாது. மகரக்கட்டு வந்ததும் சிலருக்குக் குரல் திரும்பிற்று, சிலருக்கு வேறு வேஷம் கிடைத்தது. மற்றவர்கள்? அவர்கள் திரை இழுக்கவும் சமையல் கட்டுக்கும் போனார்கள். அல்லது ஊருக்குத் திரும்பினார்கள். புகழ் பெற்றவர்கள் சுயசரிதை எழுதினார்கள். திரும்பிப் போனவர்கள் எழுதவில்லை. ஆகையால் பாலர் கம்பெனிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஜெயித்தவர்கள் சொன்ன கதை.

ராசய்யாவுக்கும் மகரக்கட்டு வந்தது. பெண் குரல் போயிற்று. அந்த நாளின் அவமானத்தைப் பற்றி இளையராஜா பிற்காலத்தில் பேசியிருக்கிறார். அவனுக்கு இன்னொரு கதவு திறந்திருந்தது. வீட்டில் அண்ணனுடைய ஆர்மோனியப் பெட்டி இருந்தது. தொடக் கூடாது என்பது அண்ணன் உத்தரவு. தொட்டால் பிரம்படி. அண்ணன் இல்லாத வேளையில் தொட்டுத் தொட்டு, அடியும் வாங்கி, பையன் வாசிக்கக் கற்றுக் கொண்டான். குரல் கைவிட்டதும் பெட்டி கைகொடுத்தது. வீட்டில் அந்தப் பெட்டி மட்டும் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. பள்ளிப் படிப்பும் இல்லாமல், பாட்டுக் குரலும் இல்லாமல், பதினைந்து வயதில் ஒரு கிராமத்துப் பையன்!

பஸ்ஸில் அந்தப் பெண் சொன்னதில் இந்தப் பெட்டி விட்டுப் போயிருந்தது.

விட்டுப் போன இன்னொன்றும் உண்டு. 1968-ல் தாயார் வானொலிப் பெட்டியை விற்றுக் கொடுத்த 400 ரூபாயோடு சகோதரர்கள் சென்னைக்கு வந்தார்கள் என்பதை ஊரே சொல்லும். வந்த பிறகு ராஜா செய்தது என்ன? மறுபடியும் மாணவனாக உட்கார்ந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதத்தின் எழுத்தைக் கூட்டிப் படிப்பதிலிருந்து ஆரம்பித்தார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார்த் தேர்வுகளை எழுதித் தேறினார். இருபத்தைந்து வயதுக்கு மேல், பிழைப்புக்கு வாத்தியம் வாசித்துக் கொண்டே, பரீட்சை! 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் வாத்தியக் குழு அவருடைய சிம்பொனியை வாசித்தபோது அத்தனை பேர் முன்னாலும் இருந்தது, எழுதி வைத்த காகிதம். எழுத்து ஒன்று வேண்டியிருந்தது. அவர் தேடிப் போய்க் கற்றுக் கொண்டார். பள்ளிக்கூடத்தை விட்டதனால் அவர் பெரியவரானார் என்று சொல்கிறவர்கள், கிடைக்காமல் போன பள்ளிக்கூடத்தை அவர் பத்து வருஷம் கழித்துத் தேடிப் பிடித்தார் என்பதைக் கவனிப்பதில்லை.

சரி, இது ஆண் பிள்ளைகளின் கதை. பெண்களுக்கு எப்படி இருந்தது?

கொடுமுடியில் 1908-ல் பிறந்த சுந்தராம்பாள் வறுமையினால் ரயிலில் பாடின சிறுமி. ரயில்வே உத்தியோகஸ்தரும் நாடகப் பித்தருமான நடேசய்யர் காதில் அந்தக் குரல் விழுந்தது. நாடக மேடைக்குப் போயிற்று. பள்ளிக்கூடம் அந்தக் கதையில் அநேகமாக வரவே இல்லை. மதுரையில் 1916-ல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பள்ளிக்குப் போனார். ஐந்தாம் வகுப்போடு நின்றது. வீட்டில் தாயார் சண்முகவடிவின் வீணை. பாட்டி அக்கம்மாளின் பிடில். பத்து வயதில் இசைத்தட்டு வந்து விட்டது. அந்த வீட்டுக்குப் பள்ளிக்கூடத்தைவிடப் பெரிய பள்ளிக்கூடம் வீட்டுக்குள்ளேயே இருந்தது என்று சொல்லலாம். வெளியே இருந்த பள்ளிக்கூடம் அந்த வீட்டுப் பெண்களை எந்தக் கண்ணால் பார்த்திருக்கும் என்பதையும் யோசிக்கலாம்.

இவற்றுக்கு நேர்மாறான ஒரு கதை காஞ்சிபுரத்தில் நடந்தது. டி.கே. பட்டம்மாள் 1919-ல் பிறந்தவர். ஆசாரமான குடும்பம். பெண் சபையில் பாடுவது என்பதை நினைத்துப் பார்க்கவும் முடியாத வீடு. கல்யாணம் ஆக வேண்டுமே என்ற கவலை தகப்பனாருக்கு. அந்தப் பெண்ணின் குரலை வெளி உலகத்துக்குக் காட்டியது எது தெரியுமா? பள்ளிக்கூட நாடகம்! பள்ளியின் தலைமை ஆசிரியை அம்முக்குட்டி அம்மாள் அந்தக் குழந்தைக்குப் பக்கபலமாக நின்றார். இசைத்தட்டுக் கம்பெனி வந்ததும், 1932-ல் பதின்மூன்றாவது வயதில் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி செய்ததும் அதன் தொடர்ச்சி. பாட்டுக்குப் பள்ளிக்கூடம் விரோதி என்று யாராவது சொன்னால் நான் அம்முக்குட்டி அம்மாளின் பெயரைச் சொல்வேன். அந்த அம்மாளுக்கு எங்கேயாவது ஒரு சிலை வைத்திருக்கிறார்களா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம். சிலை வைக்கும் ஊக்கம் நமக்குக் குறைவு இல்லையே!

அம்முக்குட்டி அம்மாள்களை நம்பித்தான் பாட்டு இருக்க வேண்டுமா? ஒரு நல்ல தலைமை ஆசிரியை வாய்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்பது நியாயமா? பள்ளிக்கூடத்தின் அமைப்பிலேயே பாட்டுக்கும் உழைப்புக்கும் இடம் வைத்து விட்டால் என்ன என்று கேட்டவர் காந்தியடிகள். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வி பிறந்தது. ஜாகீர் உசேன் தலைமையில் கமிட்டி பாடத் திட்டம் எழுதியது. கைத்தொழிலை நடுவில் வைத்த அந்தத் திட்டத்தில், தாய்மொழி, கணக்கு இவற்றோடு சங்கீதமும் ஒரு பாடம். ஏழு வயதிலிருந்து பதினான்கு வயது வரையில் ஏழு வருஷப் படிப்பு. பதினான்கு வயது! ராசய்யா ஹார்மோனியக் குழுவோடு கிளம்பிய வயது.

அந்தக் கல்வியைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்ய 1947-ல் எழுந்ததுதான் காந்திகிராமம். அதை நிறுவிய இருவருடைய வாழ்க்கையிலும் நம்முடைய விஷயம் ஒட்டிக் கொண்டிருக்கிறது. டாக்டர் சௌந்தரம், டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். சிறு வயதில் கல்யாணமாகி, கணவரை இழந்து, நின்று போன படிப்பை மறுபடி தொடங்கி, டில்லியில் வைத்தியம் படித்து 1936-ல் டாக்டரானவர். படிப்பு பாதியில் நிற்பது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஜி. ராமச்சந்திரனோ சாந்திநிகேதனத்தில் தாகூரின் மாணவர். இளைஞராக இருந்தபோது, 1924-ல், காந்தியடிகளிடமே போய்க் கலையைப் பற்றிக் கேள்விகள் போட்டவர். மகாதேவ தேசாய் அந்த உரையாடலைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். கலையில்லாத வறட்டு வாழ்க்கையைத்தான் நீங்கள் போதிக்கிறீர்களா என்ற சந்தேகம் அந்தக் கேள்விகளுக்குள்ளே இருந்தது. சத்தியத்தை முதலில் தேடினால் அழகு தானே வரும் என்ற கருத்தில் காந்தியடிகள் பதில் சொன்னார். தாகூரையும் காந்தியையும் ஒரே உள்ளத்தில் குடிவைக்கப் பார்த்தவர் ராமச்சந்திரன். 1940-ல் இந்த இருவரும் காந்தியடிகளின் ஆசியோடு மணந்து கொண்டார்கள்.

எம்.எஸ். சுப்புலட்சுமியும் இந்தக் கதைக்குள் வருகிறார். 1944 பிப்ரவரியில் கஸ்தூரிபா காலமான பிறகு, அவர் பெயரால் கிராமத்துப் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் நிதி திரட்டினார்கள். அதற்காக எம்.எஸ். கச்சேரிகள் செய்து பணம் சேர்த்துக் கொடுத்தார். அந்தக் கஸ்தூரிபா நிதியின் தமிழ்நாட்டுப் பிரதிநிதியாக வேலை செய்தவர் சௌந்தரம். ஐந்தாம் வகுப்போடு நின்ற மதுரைப் பெண்ணின் பாட்டு, கிராமத்துப் பெண்கள் படிக்க உதவிற்று. பாட்டு சோறு போடுமா என்று கேட்ட அந்தத் தாயாரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அவள் ஒப்புக் கொண்டிருப்பாளா என்பது வேறு விஷயம்.

1956-ல் காந்திகிராமத்தில் கிராமிய உயர்கல்வி நிலையம் தொடங்கிற்று. 1976-ல் பல்கலைக்கழக அந்தஸ்துப் பெற்றது. ஆக, தலையையும் கையையும் குரலையும் சேர்த்துப் படிக்க வைக்கும் ஒரு கல்வி நிலையம் மதுரை ஜில்லாவின் கிழக்கில் வளர்ந்து கொண்டிருந்த அதே இரண்டு மூன்று வருஷங்களில், அதே ஜில்லாவின் மேற்கில் ஒரு பையன் பள்ளிச் சம்பளத்துக்கு வழியில்லாமல் அணைக்கட்டு வேலைக்குப் போனான். நான் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு ஸ்தாபனம் எத்தனை கிராமத்தைத் தொட முடியும்? ஆதாரக் கல்வி சர்க்கார் பள்ளிகளில் தக்கிளி சுற்றும் ஒரு பீரியடாக மெலிந்து, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. அதற்கு ஒரு காரணம் ஆசிரியர்களும் பெற்றோரும் அதை நம்பவில்லை என்பது. நம்பாததற்கும் காரணம் இருந்தது. 1953-ல் ராஜாஜி, பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார். 'குலக்கல்வி' என்று நாடே கொதித்தது. காமராஜர் முதலமைச்சரானதும் 1954-ல் அது கைவிடப்பட்டது. கிராமத்தில் கைத்தொழில் என்றாலே சாதி பின்னால் நிற்கும். கலையும் அப்படித்தான். பறை அடிக்கிறவன் மகன் பறையைத்தான் தொட வேண்டும், வேறு எதையும் தொடக் கூடாது என்று சொன்ன ஊர்களில், "பள்ளிக்கூடத்தில் நாட்டுப்புறக் கலை" என்றால் அந்தத் தகப்பன் முகம் சுளிக்க மாட்டானா? என் மகனாவது இதை விட்டு ஓடட்டும் என்றுதானே அவன் பள்ளிக்கு அனுப்புகிறான்?

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்ற ஒரு வேலை திண்டுக்கல்லிலேயே நடந்திருக்கிறது. 1990-ல் கன்னியாஸ்திரீ சந்திராவும் அவருடைய தோழியும் சக்தி கலைக்குழுவைத் தொடங்கினார்கள். ஏழைக் குடும்பத்துத் தலித் பெண்கள், பள்ளியை இடையில் விட்டவர்கள், அங்கே பறையும் ஆட்டமும் பாட்டும் கற்றுக் கொண்டார்கள். சாவு வீட்டில் ஆண்கள் அடிக்கும் பறையை, பாவாடை தாவணியில் பெண்கள் மேடையில் நின்று அடித்தார்கள். கூடவே விட்ட படிப்பைத் தொடரவும், தையல் போன்ற தொழில் பழகவும் வழி செய்தார்கள். பறையும் வேண்டும், பரீட்சையும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பெண் கையில் கொடுத்ததுதான் எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. அந்தப் பெண்கள் பறையைத் தூக்கியபோது யாரும் அவர்களைக் குலத்தொழிலுக்குத் திருப்பி அனுப்பவில்லை. அவர்களாகவே எடுத்துக் கொண்டார்கள்.

சர்க்கார் தரப்பிலும் ஓர் அசைவு ஏற்பட்டது. இளையராஜாவுக்குக் காந்திகிராமத்தில் பட்டம் கொடுத்த அதே 2022 நவம்பரில், அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா என்று ஒன்று தொடங்கிற்று. பள்ளி அளவில், வட்டார அளவில், மாவட்ட அளவில், பிறகு மாநில அளவில் போட்டிகள். நாட்டுப்புறப் பாட்டுக்கும் நடனத்துக்கும் இடம் உண்டு. ஜெயித்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். இது போதுமா என்றால், எனக்கு அபிப்பிராய பேதம் உண்டு. போட்டி என்பது ஒரு நாள் கூத்து. பாட்டுக்கு வேண்டியது வாரத்தில் நாலு மணி நேரமும், சொல்லிக் கொடுக்க ஓர் ஆளும். அந்தப் பெண்ணின் அப்பத்தாவைப் பள்ளிக்குக் கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கிற தைரியம் எந்தத் தலைமை ஆசிரியருக்கு வரும்? ஆனாலும் 1958-ல் பண்ணைப்புரத்துப் பையனுக்கு இந்த ஒரு நாள் கூத்துக்கூட இருக்கவில்லை.

அந்தத் தாயாருக்கும் பெண்ணுக்கும் நான் அன்று சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லி விடுகிறேன். அவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில். அம்மா சொன்னது பாதி சரி. பாட்டு சோறு போடாது, பெரும்பாலோருக்குப் போட்டதில்லை. பாவலர் வரதராஜனுக்கே எவ்வளவு போட்டது? தம்பியின் 'அன்னக்கிளி' தெருவெல்லாம் ஒலித்ததை அவர் கேட்காமலே கண்ணை மூடினார். மகள் சொன்னது கால்வாசிதான் சரி. இளையராஜா பத்தாம் வகுப்பை வேண்டாம் என்று தள்ளிவிட்டு வரவில்லை. அது அவரை உள்ளே விடவில்லை. தள்ளிவிட்டு வந்த கதையாக நாம்தான் அதை மாற்றிச் சொல்லிச் சொல்லி, ஒரு சிறு பெண் பஸ்ஸில் அதை வைத்து வாதாடும்படி செய்து விட்டோம். அவள் சிவராமனைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய தகப்பனார் வைத்தியர். அவளுடைய தகப்பனார் சின்னாளபட்டியில் எந்தத் தறியில் உட்கார்ந்திருக்கிறாரோ, நான் கேட்கவில்லை.

மரநிழலில் நின்று இதையெல்லாம் யோசித்த பிறகு திரும்பிப் பார்த்தேன். தாயும் மகளும் சாலையில் வெகு தூரம் போய் விட்டார்கள். காய்கறிப் பை இப்போது மகள் கையில் இருந்தது. புத்தகப் பையைத் தாயார் தோளில் மாட்டிக் கொண்டிருந்தாள். வெட்டவெளி ஆனதனால் பெண் குரலை அடக்கவில்லை. பஸ்ஸில் பாதியில் விட்ட அதே நடவுப் பாட்டு. தாயார் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. பாட்டு தேய்ந்து மறையும் வரையில் நிற்கவே இல்லை.